‘எல்லா அறிவும் பொருள்கோளே’: பன்னிரண்டு ஆண்டுகள் கையாண்ட பிறகு

திருப்பூரில் பனியன் துணியின் தரம் பார்ப்பது என் வேலை. எதை அறிந்தாலும் அது ஒரு பார்வையில் நின்று பொருள் கொள்வதுதான் என்கிறது தலைப்பில் உள்ள கூற்று. அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு கருவியைப் போலவே புழங்கி வருகிறேன்.

என்னை அதன்பால் இழுத்தது சாயம்தான். டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலத் துணிகள், வாசலுக்குக் கொண்டுவந்தால் வேறு வேறாகிவிடும். எது உண்மையான நிறம் என்று வாதாடிப் பயனில்லை. எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று வாங்குபவரிடம் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். எத்தனையோ சண்டைகள் இதனால் தீர்ந்திருக்கின்றன.

சிக்கல் எடையில் வந்தது. 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, கேட்டிருந்தோம். 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி நிறுத்தால் 1.6 கிராம், அதாவது 160. நிட்டிங் செய்து கொடுத்தவர் என் பேச்சையே என்னிடம் திருப்பினார்: “நீங்கள் சொல்வதுபோல் அளவும் ஒரு பார்வைதானே, அண்ணா?”

அதில் பாதி சரி. ரோலில் இழுபட்ட துணி எடை குறைத்துக் காட்டும். ஈரக் காற்றில் பருத்தி கனக்கும். ஆகவே துணியைப் பிரித்து ஒரு நாள் தளரவிட்டு, ஐந்து இடங்களில் மறுபடி வெட்டினோம். 162. தளர்ந்தால் சரியாகிவிடும் என்பதும் ஒரு பொருள்கோள். துணி அதற்கு இணங்கவில்லை. லோடு திரும்பிப் போனது.

எல்லாம் பொருள்கோள் என்றால் இந்தக் கூற்றும் அப்படித்தானே என்பது பழைய ஆட்சேபம். ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1886இல் அதை எதிர்பார்த்தே எழுதினார். இயற்பியலாளர்களின் ‘இயற்கை விதி’ வெறும் பொருள்கோள் என்று சொல்லிவிட்டு, தான் சொல்வதும் அப்படியே என்றால் இன்னும் நல்லது என்றார். அத்தோடு முரண்பாடு நீங்குகிறது என்றே நினைக்கிறேன். பொருள்கோள் என்பதாலேயே ஒன்று பொய்யாகாது. ஆனால் அப்படி ஒத்துக்கொண்டவர், மற்றவற்றைவிடத் தம்முடையது ஏன் மேலானது என்று காட்டியாக வேண்டும். மேல், கீழ் என்று வந்தபின் எல்லாமே சமம் என்று சொல்ல வாய் எழாது. நிட்டிங்காரர் பிடித்துக்கொண்டது அந்தச் சமத்தைத்தான்.

பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தைப் பவணந்தி முனிவரின் ஊர் என்பார்கள். அவருடைய இலக்கண நூலான நன்னூல், செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் வழிகளாக எட்டுப் பொருள்கோள் சொல்கிறது. அதற்காக எந்தப் பாட்டையும் எப்படியும் படித்துவிட முடியாது. சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கு உரியவற்றை அடுத்த வரிசையிலும் வைக்கும் நிரல்நிறையாக அமைந்ததை ஆற்றுநீர்போல நேரே ஓட்டினால் பொருள் இடறும். படிப்பவன் வழிகளைக் கற்றிருக்க வேண்டும். எந்த வழி என்பதைப் பாட்டிடம்தான் கேட்க வேண்டும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எனக்குப் புரியவில்லை.

கூற்றை நான் இன்னும் விடவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வெளிச்சத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன். அன்று மாலைக்குள் தராசிலும் உட்கார வைத்துவிடுகிறேன்.