எந்தத் தண்ணீருக்கு எந்த வண்டி? பி.எம்.பி.-2, வாப், ஸ்ட்ரைக்கர், பிறகு கடல்

காலாட்படையை ஏற்றிச் செல்லும் பி.எம்.பி.-2 கவச வண்டியின் மூக்கில் மடித்து வைத்த பலகை ஒன்று இருக்கும். குடியரசு தின ஒத்திகைக்காக ஜனவரிப் பனியில் விஜய் சௌக் ஓரம் நின்றபோது அதை எனக்குச் சுட்டிக் காட்டியவர் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், இயந்திரமயக் காலாட்படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்.கே.புரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். கார்த்திகை தோறும் மலை மந்திரில் பார்ப்போம். பிரசாதம் கைக்கு வருவதற்குள் பேச்சு கவச வண்டிக்குப் போய்விடும்.

"தண்ணியில எறங்குறதுக்கு முன்னால அந்தப் பலகைய நிமித்தி வைக்கணும் தம்பி. மறந்தா அலை மூக்கு மேல ஏறிரும். அப்புறம் நீந்துறது இல்ல, முங்குறதுதான்."

இந்தப் படைப்பிரிவுக்கும் நமக்கும் நெருக்கம் அதிகம். 1979இல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானபோது அதன் முதல் பட்டாலியனாக மாறியது 1776இல் தொடங்கிய 1 மெட்ராஸ். அந்தப் படைக்கு உயிர் கொடுத்தவர் என்று எல்லோரும் சொல்லும் ஜெனரல் சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். பி.எம்.பி.-2 தெலங்கானாவின் மேடக்கில் உருவாகிறது, அதன் எஞ்சின் ஆவடியில். அதனால் அதற்கு அடுத்து நம் வாப்பையா அமெரிக்க ஸ்ட்ரைக்கரையா, எதை வாங்குவது என்ற கேள்வி எனக்குத் தூரத்துச் செய்தியாகத் தோன்றியதில்லை.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். படையில் இருந்தவன் இல்லை. பல வருடமாக இந்த வண்டிகளைப் பற்றிப் படித்தும் அண்ணாச்சியிடம் கேட்டும் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். கொள்முதல் தாளில் "நீந்த வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதுகிறோம். பஞ்சாப் கால்வாய், பாங்கோங் ஏரி, வங்கத்து ஆறு, அந்தமான் கடற்கரை ஆகிய நான்கும் அந்த ஒரு வரிக்குள் அடங்காது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மிதக்கும் கணக்கைப் பார்த்துவிடலாம். பி.எம்.பி.-2 சுமார் 6.7 மீட்டர் நீளம், 3.15 மீட்டர் அகலம். மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 21 சதுர மீட்டர். ஒரு டன் ஏற்றினால் வண்டி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடுதலாக நீரில் இறங்கும். பக்கவாட்டில் இரண்டு டன் கவசம் மாட்டினால் 10 சென்டிமீட்டர் போயிற்று. மேல்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருப்பது கைப்பிடி அளவு இடைவெளிதான். ஆகவே நீந்தும் வண்டியின் கவசம் மெலிந்துதான் இருக்கும். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்பைக் கொடுத்துத்தான் மிதப்பை வாங்குகிறோம்.

வேகத்துக்கும் ஒரு தடை உண்டு. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த உடலும் தானே எழுப்பும் முன்னலையில் மாட்டிக்கொள்ளும். நீரில் படும் நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் கிடைப்பது, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பு. ஏழு மீட்டர் வண்டிக்கு அது சுமார் 12. அமெரிக்க மரைன் படைக்கென்று செய்த, எட்டு மீட்டர் நீளமுள்ள நீர்நில வண்டி ஏ.ஏ.வி.-7 நீரில் 13 போவது தற்செயல் இல்லை. அதைத் தாண்ட வேண்டுமானால் வண்டி படகைப் போல நீருக்கு மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் வண்டி. பி.எம்.பி.-2, இந்தியாவில் 'சரத்'. 1987 முதல் இங்கே தயாராகிறது. 14.3 டன், 300 குதிரைத்திறன், 30 மி.மீ. பீரங்கி, டாங்கியைத் தாக்கும் கான்கர்ஸ் ஏவுகணை, மூன்று பேர் இயக்க ஏழு பேர் பின்னால். நீரில் தனி விசிறியோ ஜெட்டோ கிடையாது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினே நீரைத் தள்ளி மணிக்கு 7 கி.மீ. போகும். வினாடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் அகலமுள்ள ஆற்றைக் கடக்க 100 வினாடிக்கு மேல் ஆகும். நீரோட்டம் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் என்றால் அதற்குள் வண்டி 150 மீட்டருக்கு மேல் கீழே அடித்துப் போயிருக்கும். இறங்கும் இடத்தைப் போலவே ஏறும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சி சொல்வதும் இதைத்தான். "எறங்குறது பெரிய காரியமில்ல தம்பி, ஏறுறதுதான் காரியம்." கால்வாய்க்கு சிமெண்ட் பூசிய சரிவுக் கரை இருந்தால் நனைந்த செயின் வழுக்கும். சேற்றுக் கரையானால் செயின் பிடித்துக்கொள்ளும், சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். சக்கர வண்டியின் விளம்பரப் படங்களில் அது தண்ணீரில் மிதப்பதைக் காட்டுவார்கள். கரையேறுவதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஒருமுறை நீச்சல் பயிற்சிக்கு முன் நீர் புகாமல் அடைக்கும் பின்கதவு ரப்பர் பீடிங் தேய்ந்து போயிருந்தது. கேட்டு எழுதியதில் எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் அளவு மாறி. அதுவரை அந்த வண்டியைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று அவரே நிறுத்தி வைத்தார். அந்த ஆண்டுப் பதிவேட்டில் அவருடைய பிளாட்டூன் நீச்சல் பயிற்சி முடிக்காத பிளாட்டூன். அதைச் சொல்லும்போது அவருக்கு இன்றும் குரல் இறுகும்.

அவர் நிறுத்தியது எவ்வளவு சரி என்பதற்கு 2020 ஜூலை 30 சாட்சி. கலிஃபோர்னியாவின் சான் கிளமென்ட்டி தீவருகே ஒரு ஏ.ஏ.வி. மூழ்கி எட்டு மரைன்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். முக்கால் மணி நேரம் நீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. வண்டியின் மோசமான பராமரிப்பும், வெளியேறும் உத்தரவு தாமதமானதும் விசாரணையில் வெளிவந்தன. நீந்தும் திறன் தொழிற்சாலையில் ஒருமுறை கொடுத்து முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ரப்பரிலும் பம்பிலும் புதிதாக உறுதி செய்ய வேண்டியது அது.

பி.எம்.பி.-2இன் பெரிய குறை மலையில் தெரிகிறது. அதன் யு.டி.டி.-20 எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. பாங்கோங் ஏரி கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 60 சதவீதம். 300 குதிரை அங்கே 200க்கும் கீழே இறங்கிவிடும். மிதப்பதற்கு உயரம் தடையில்லை, எஞ்சினுக்குத்தான் தடை. பின்கதவு இரண்டிலும் டீசல் டேங்க், மெல்லிய தரை, கண்ணிவெடிக்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1980இன் வடிவம் அது. அந்தக் காலத்துக்கு அருமையான வண்டி.

வாப் வேறு தலைமுறை. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் அகமத்நகர் வாகன ஆய்வகமும் டாடாவும் சேர்ந்து செய்த எட்டுச் சக்கர வண்டி. 2014இல் பிரகதி மைதானத்தில் நடந்த டெஃபெக்ஸ்போ ஆயுதக் கண்காட்சியில் 'கெஸ்ட்ரல்' என்ற பெயரில் அதை முதலில் காட்டினார்கள். நான் அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்னால் நீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் இரண்டு வாட்டர் ஜெட், 600 குதிரைத்திறன் டர்போ எஞ்சின், குண்டுவெடிப்பின் அதிர்ச்சி முதுகெலும்புக்கு ஏறாதபடி அமைத்த இருக்கைகள். நீரில் சுமார் 10 கி.மீ., முன்னலைத் தடைக்குச் சற்றே கீழே. செயின் வண்டி நீரில் திரும்புவது தயங்கித் தயங்கித்தான். ஜெட்டின் வாயைத் திருப்பினால் வண்டியும் திரும்பும். ஆற்று நீரோட்டத்தில் இது பெரிய வித்தியாசம்.

சாலையிலும் வாப்புக்குத்தான் ஆதாயம். செயின் வண்டியை நெடுந்தூரம் கொண்டுபோக டிரெய்லரோ ரயிலோ வேண்டும். இது தன் சக்கரத்திலேயே போகும். 2022இல் இதன் காலாட்படை வடிவம் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மொராக்கோ இதை வாங்கியது, 2025 செப்டம்பரில் அங்கே பெரெஷித் நகரில் தொழிற்சாலையே திறந்தாகிவிட்டது. வெளிநாடு தொழிற்சாலை வைத்து வாங்கும் வண்டியை நாம் இன்னும் பெரிய எண்ணிக்கையில் வாங்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

அமெரிக்காவின் எட்டுச் சக்கரக் கவச வண்டியான ஸ்ட்ரைக்கரை இந்தப் பந்தியில் உட்கார வைப்பதே எனக்குப் புரியவில்லை. 2025 பிப்ரவரியில் மோடியும் டிரம்ப்பும் வெளியிட்ட கூட்டறிக்கையில் அதன் பெயர் இருந்தது. போரில் பழகிய வண்டி, தகவல் தொடர்பு வசதிகள் நம்மிடம் இருப்பதைவிட மேல். ஆனால் அமெரிக்க ராணுவத்தில் ஓடும் ஸ்ட்ரைக்கர் நீந்தாது. நீந்தாத வடிவத்தை நீந்த வைப்பதென்றால் மேலே சொன்ன 5 சென்டிமீட்டர் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் செலவிடும் பணத்தில் வாப்பின் குறைகளைத் திருத்திவிடலாம்.

இதுவரை பேசியது நன்னீர். கடல் வேறு.

1971 டிசம்பரில் வங்கதேசப் போரில் இரண்டு பாடங்கள் கிடைத்தன. மேக்னா ஆற்றைக் கடந்த பி.டி.-76 நீந்தும் டாங்கிகள் அரை மணிக்கு மேல் தொடர்ந்து நீந்தினால் எஞ்சின் கொதித்துவிடும். ஆறு அதைவிட அகலம். உள்ளூர் மக்களின் நாட்டுப் படகுகள் கட்டி இழுத்துத்தான் மீதித் தூரம் போயின. அதே மாதம் காக்ஸ் பஜாரில் கூர்க்கா வீரர்களைக் கப்பலிலிருந்து இறக்கியபோது, கரை என்று நினைத்த மணல் திட்டுக்கு அப்பால் ஆழமான நீர் இருந்தது. சில வீரர்கள் அதில் மூழ்கி இறந்தார்கள். எதிரி சுடவே இல்லை. கடற்கரையின் சரிவையும் அலையுடையும் இடத்தையும் அளக்காததற்குக் கொடுத்த விலை அது.

அமெரிக்கா இந்தக் கடல் கேள்விக்கு இரண்டு விதமாக விடை தேடியது. முதலாவது இ.எஃப்.வி. என்ற வண்டி. கப்பல் அடிவானத்துக்கு அப்பால் நிற்கும், வண்டி மணிக்கு 46 கி.மீ. வேகத்தில் கரைக்குப் பாயும். முன்னலையை உடைத்து வழுக்கி ஓட நீரில் 2,700 குதிரைத்திறன் தேவைப்பட்டது. நம் பி.எம்.பி.யின் ஒன்பது மடங்கு. கரையேறிய பிறகு அதில் பெரும்பகுதி வெறும் சுமை. 2006 சோதனையில் சராசரியாக நாலரை மணிக்கு ஒருமுறை பழுதானது. 300 கோடி டாலர் செலவான பின் 2011 ஜனவரியில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் அதை நிறுத்தினார். சீனாவின் இசட்.பி.டி.-05 இதே வழுக்கி ஓடும் வழியில் போய் 25 கி.மீ.க்கு மேல் எட்டுவதாகச் சொல்கிறார்கள். அதன் கவசம் மெல்லியது. தைவான் நீரிணை என்ற ஒரே வேலையை மனதில் வைத்துச் செய்த வண்டி என்பதே என் கணிப்பு.

இரண்டாவது விடை ஏ.சி.வி. இத்தாலிய இவெகோவின் வடிவத்தை வைத்து பி.ஏ.இ. நிறுவனம் செய்தது, 2018இல் தேர்வானது. எட்டுச் சக்கரம், 690 குதிரைத்திறன், மூன்று பேரோடு 13 வீரர்கள், நீரில் 11 கி.மீ. மட்டும். வேகத்தைக் கைவிட்டுக் கண்ணிவெடிப் பாதுகாப்பை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் 2022 ஜூலையில் பேரலையில் கவிழ்ந்து, சிலகாலம் கடலில் இறக்கத் தடை வந்தது. இந்த வழிதான் நேர்மையானது என்று நினைக்கிறேன். கப்பல் கொஞ்சம் கிட்டே வர வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட வடிவம்.

நம்மிடம் திருவனந்தபுரத்தில் நீர்நிலத் தாக்குதல் பயிற்சி பெற்ற காலாட்படைப் பிரிகேடு இருக்கிறது. 2007இல் வாங்கிய இறங்குதளக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா இருக்கிறது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம் கட்டிய எட்டு எல்.சி.யு. இறங்கு கலங்கள் டாங்கியைக் கரைவரை கொண்டுபோய் இறக்கும். 2025 அக்டோபரில் பெரிய இறங்குதளக் கப்பல்களுக்குப் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் தந்தது. கப்பல் வரும்போது அதன் வயிற்றிலிருந்து எது இறங்கிக் கரையேறும் என்று யாராவது கேட்க வேண்டும். பி.எம்.பி.-2ஐ நல்ல அலையில் இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். இந்தோனேசியக் கடற்படைக் காலாட்படை வைத்திருக்கும் பி.எம்.பி.-3எஃப் கடலுக்கென்றே மாற்றியது, வாட்டர் ஜெட் உள்ளது. அந்த வகையிலோ ஏ.சி.வி. வகையிலோ சில டஜன் போதும்.

கொள்முதல் முறை இங்கேதான் குறுக்கே வருகிறது. சோதனையில் தேறிய எல்லோரும் சமம், குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். இதுதான் எல்-ஒன். கூடுதல் திறனுக்குச் சிறிது மதிப்புத் தர 2016 விதிகள் இடம் கொடுத்தன, ஆனாலும் அடிப்படை மாறவில்லை. தாளில் "நீந்த வேண்டும்" என்று மட்டும் இருந்தால், அசையாத குளத்தில் மிதந்த வண்டியும் அலையில் கரையேறிய வண்டியும் ஒரே மதிப்பெண் வாங்கும். குளத்து வண்டி மலிவு, அதுவே ஜெயிக்கும். எதிர்காலக் காலாட்படை வண்டிக்கு 2010இல் நான்கு தரப்பை அழைத்தோம், 2016இல் திரும்ப அழைத்தோம், 2021 ஜூனில் சுமார் 1,750 வண்டிகளுக்கு மறுபடி தகவல் கேட்டோம். பாலைவனம், லடாக், நீர் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி கேட்டால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

என் வரிசை இது. ஆறும் சாலையும் மலையும் உள்ள இடங்களுக்கு வாப், உடனே, பெரிய எண்ணிக்கையில். டாங்கியோடு சேர்ந்து ஓட வேண்டிய பட்டாலியன்களுக்குச் செயின் வண்டி. அதில் பாதிக்கு நீச்சலையே கேட்காமல் விட்டு அந்த எடையைக் கவசத்துக்குக் கொடுக்கலாம். அமெரிக்கர்கள் தங்கள் பிராட்லி செயின் வண்டியில் கவசம் கூடக் கூட நீச்சலைக் கைவிட்டார்கள். புதுச் செயின் வண்டி வரும்வரை பி.எம்.பி.-2க்குப் புது எஞ்சின். தீவுகளுக்குத் தனி டெண்டர், தனிச் சோதனை, அதுவும் மழைக்கால அலையில். ஸ்ட்ரைக்கர் கடைசி.

இதை அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். செயின் வண்டிக்கு நீச்சல் வேண்டாம் என்ற இடத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை. "பாலத்த ஒடச்சிட்டான்னா என்ன செய்வீய?" என்று கேட்டார். பாலம் போடும் வண்டிகளைக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. டெண்டர் தாளில் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தவற்றை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்: கரையின் சரிவு எத்தனை பாகை, அலை எத்தனை மீட்டர், தொடர்ந்து எத்தனை நிமிடம், பம்ப் நின்றால் எத்தனை நிமிடம், எல்லோரும் வெளியேற எத்தனை வினாடி. பேனாவை வாங்கிக் கீழே அவரே ஒன்று சேர்த்தார்: பின்கதவு ரப்பர், வண்டிக்கு இரண்டு செட், பட்டாலியன் ஸ்டோரிலேயே.