எட்டாம் மாதத்தில் ஒரு எட்டுக்கால் இயந்திரம்

வளைகாப்பு முடிந்து எட்டாம் மாதம் தொடங்கிய வாரத்தில்தான் இந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ராத்திரி பக்கம் திருப்பும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் வரும். பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷர் தூக்கத்திலேயே "இன்னும் எத்தனை பக்கம்?" என்பார். அத்தைக்கு வேறு கவலை. "இந்த நேரத்துல கண்ட பேய்க்கதையும் படிக்கக் கூடாதும்மா, சுந்தர காண்டம் படி" என்று சொல்லிக்கொண்டே அட்டையை எட்டிப் பார்த்தார். குடையும் கையுமாக ஒரு பெண் நிற்கிறாள். "குடும்பக் கதையா?"

"குடும்பக் கதைதான் அத்தை" என்றேன். பொய் சொல்லவில்லை. புருஷன் ஓநாய் மனிதர், பக்கத்து வீட்டுக்காரர் ரத்தக்காட்டேரி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கெயில் கேரிகர் எழுதிய 'பாரசால் ப்ரொடக்டரேட்' வரிசையில் நான்காவது நாவல் இது. பெயர் 'ஹார்ட்லெஸ்', 2011-ல் வந்தது. மொத்தம் ஐந்து புத்தகம். விக்டோரியா ராணி காலத்து லண்டன், ஆனால் வானத்தில் நீராவிக் கப்பல் பறக்கும், ராணியின் ஆலோசனை சபையில் ரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் நாற்காலி உண்டு. நீராவி யுகத்தையும் கற்பனை இயந்திரங்களையும் கலக்கும் இந்த மாதிரிக் கதைகளுக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். அந்தச் சொல்லே 1987-ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் பாதி விளையாட்டாகக் கிளப்பிவிட்டது. அந்த விளையாட்டுக் குணம் இந்த வரிசையில் நிறையவே இருக்கிறது. நாயகி அலெக்ஸியாவுக்கு ஆன்மா கிடையாது. அவள் தொட்டால் ரத்தக்காட்டேரியின் பல் உள்ளே போய்விடும், ஓநாய் மனுஷனாகிவிடும். கையில் எப்போதும் ஒரு குடை. அதிலிருந்து மயக்க ஊசி பாயும், அமிலம் பீய்ச்சும். மழைக்கு ஆகுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இரண்டாம் புத்தகத்தின் கடைசியில் அவள் கர்ப்பம் என்று தெரிந்ததும், ஓநாய் மனிதனால் பிள்ளை கொடுக்க முடியாது என்று சொல்லிக் கணவன் கானல் அவளைச் சந்தேகப்படுகிறான். மூன்றாவதில் அவள் இத்தாலி வரை அலைகிறாள். இவன் இங்கே உட்கார்ந்து, செத்த ஜந்துக்களைப் பதப்படுத்தும் திரவத்தைக் குடித்துக் கிடக்கிறான். நான்காவதில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது அவளுக்கும் எட்டு மாதம். ராணியைக் கொல்லச் சதி நடக்கிறது என்று ஓர் ஆவி வந்து சொல்லிவிட்டுப் போகிறது. அதுவோ அரைகுறையாகப் புத்தி கலங்கிய ஆவி. அலெக்ஸியா வயிற்றைத் தூக்கிக்கொண்டு துப்பறியக் கிளம்புகிறாள். புத்தகத்தை நான் கீழே வைக்காததற்குக் காரணம் இதுதான். கதைகளில் வரும் கர்ப்பிணி வாந்தி எடுப்பாள், மாங்காய் தின்பாள், நேரே பிரசவ வலி. நடுவில் இருக்கும் மாதங்களை யாரும் எழுதுவதில்லை. இவளோ அன்னம்போல் நடக்கவில்லை, வாத்துபோல் நடக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு அவள் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'சிசுத் தொந்தரவு' என்று வரும். படித்த அன்றே என் வயிற்றில் இருப்பதற்கும் அந்தப் பெயர் வைத்துவிட்டேன். சாப்பிட்டு நிமிர்வதற்குள் நெஞ்சு எரிகிறது, கீழே விழுந்த சீப்பைக் காலால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோரம் சேர்த்து, யாராவது எடுப்பார்களா என்று காத்திருக்கிறேன். இந்த நிலையில் பாசம் பொங்கும் வசனங்களைவிட இந்த எரிச்சல்தான் ஆறுதலாக இருந்தது.

ராணிக்கு எதிரான சதியும் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1840 ஜூன் 10-ஆம் தேதி நிஜ விக்டோரியா ராணி திறந்த வண்டியில் போனபோது எட்வர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பதினெட்டு வயதுப் பையன் அவரைக் குறிவைத்துச் சுட்டான். ராணி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். குழந்தை அந்த நவம்பரில் நல்லபடியாகப் பிறந்தது. 1882 வரை இப்படி எட்டுத் தடவை நடந்தது. இந்த விவரங்கள் நாவலில் இல்லை. எனக்குத் தூக்கம் வராமல் தேடிப் படித்தவை.

குறை சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்து ரத்தக்காட்டேரிகளுக்குப் பயம், அதனால் அலெக்ஸியாவைக் கொல்லப் பார்க்கிறார்கள். தீர்வு என்ன தெரியுமா? பிள்ளையை லார்ட் அகெல்டாமாவுக்குத் தத்துக் கொடுத்துவிடுவது. அவர் அலங்காரப் பிரியரான ரத்தக்காட்டேரி, அலெக்ஸியாவின் நண்பர். இவர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததுபோல் பாவனை செய்துவிட்டு, அவர் வீட்டில் துணிமணி வைக்கும் அறையில் ரகசியமாகத் தங்குவார்கள். ஓநாய்க் கணவன் அந்தப் பட்டுச் சட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பது நல்ல சிரிப்பு. ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சட்டப்படி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற பெண் ஒரு ராத்திரியாவது புரண்டு படுக்க மாட்டாளா? ஒரு பக்கம் போதும். அதையும் கேரிகர் ஒரு கிண்டலில் கடந்துவிடுகிறார். ஆன்மா இல்லாதவள், அப்படித்தான் இருப்பாள் என்பார்களோ என்னவோ. எனக்கு ஒப்பவில்லை.

பாதிக்கு மேல் கதை வேறு தடத்தில் ஏறுகிறது. சதியைத் தேடப்போனவளுக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய பழைய கணக்கு ஒன்று கிடைக்கிறது. முதல் மூன்று புத்தகத்திலும் சத்தம் போடாமல் ஓரமாக நின்ற ஒரு ஆளை அது நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. யார் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆள் வரும் பழைய காட்சிகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன், எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தன. இந்த வரிசையிலேயே நல்ல எழுத்து அந்தச் சில பக்கங்கள்தான்.

அப்புறம் கடைசியில் லண்டன் தெருவில் ஒரு பிரம்மாண்டமான எட்டுக்கால் இயந்திரம், ஆக்டோபஸ் உருவத்தில். இடிப்பு, நெருப்பு, ஓட்டம். சினிமாவில் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பேன், படிக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஆனால் அதை அங்கே கொண்டுவருகிற ஆளுக்கும் காரணம் ஒரு பிள்ளைதான் என்று தெரிந்தபோது கோபம் போய்விட்டது. இத்தனை அமளிக்கு நடுவே அலெக்ஸியாவுக்கு வலி எடுக்கிறது. நிஜ ராணி 1853-ல் எட்டாவது பிரசவத்துக்கு டாக்டர் ஜான் ஸ்னோ கொடுத்த குளோரோஃபார்மை முகர்ந்தார். இவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

நேராக இந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாதி நகைச்சுவை போய்விடும். முதல் புத்தகமான 'சோல்லெஸ்' தொடங்கி வரிசையாகப் படியுங்கள். ஆங்கிலம் சுலபம்தான், ஆனால் தொப்பி, பாவாடை வர்ணனைகள் நீளும். தாண்டினால் பாதகமில்லை, அலெக்ஸியாவின் தோழி ஐவியின் தொப்பிகளைத் தவிர.

ஐந்தாவதான 'டைம்லெஸ்' ஆஸ்பத்திரிப் பையில், புதுத் துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. நேற்று பார்த்தபோது அதன்மேல் அத்தை சுந்தர காண்டத்தை வைத்திருந்தார்.