செர்வாவேக்கா, கார்டசில் 9-ஆ?

மகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுவது என்று முடிவானதும், எதைப் போடுவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. கடைசியில் செர்வாவேக் போட்டோம்.

விலை தெரிந்த கதைதான். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில். கார்டசில் 9 பத்தாயிரத்தைத் தாண்டும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸில் முன்னது நான்கு வகையைத் தடுக்கும், பின்னது ஒன்பது வகையை. அந்த நான்கில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டுமே உலகளவில் சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். நம் நாட்டில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். கார்டசில் 9 தடுக்கும் மற்ற வகைகளையும் சேர்த்தால் உலகளவில் அது 90 சதவீதம் வரை போகும். வசதி இருப்பவர்கள் அதைப் போட்டால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வயது. ஹெச்பிவி தானாகத் தொற்றும்போது சவ்வின் மேலடுக்கிலேயே பதுங்கிக்கொள்ளும், ரத்தத்துக்கு வராது. அதனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அரைத்தூக்கத்தில்தான் எழுந்து பார்க்கும். தொற்று வந்துபோன பல பெண்களுக்கு வைரஸை மடக்கும் புரதமான ஆன்டிபாடியே தென்படுவதில்லை. இந்த இரண்டு ஊசிகளிலும் இருப்பது வைரஸின் வெளிச்சட்டை மட்டும், உள்ளே ஆள் கிடையாது, அதாவது வைரஸின் மரபணு இல்லை. எல்1 என்ற ஒரே புரதம் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும் அந்தச் சட்டையைத் தசைக்குள் செலுத்தியதும், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள் உடனே உஷாராகிவிடும். அவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் ஆன்டிபாடி சுரக்கும். அது ரத்தத்திலிருந்து கருப்பைவாய்ச் சளிக்குக் கசிந்து, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன்பே மடக்கிவிடும். நுழைந்த பிறகு ஊசியால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால்தான் தொற்று வருவதற்கு முந்தைய வயதிலேயே போட வேண்டும்.

9 முதல் 14 வயதுக்குள் இந்த எதிர்வினை மிகப் பலமாக இருப்பதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போதும். 15 ஆகிவிட்டால் நம் ஊர் மருத்துவர்கள் மூன்று போடச் சொல்கிறார்கள். விலை உயர்ந்ததற்குப் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போட்டால் செலவும் ஏறும், பலனும் குறையும். செர்வாவேக் என்றதால் நாத்தனார் மகளையும் கையோடு கூட்டிப்போக முடிந்தது. இரண்டு பேருக்கும் ராத்திரி வரை கை வலி, அவ்வளவுதான்.

செர்வாவேக்கிடம் ஒரு குறை உண்டு. 2022-இல்தான் அனுமதி பெற்றது, அதுவும் நான்கு வகை வைரஸைத் தடுக்கும் பழைய கார்டசிலோடு ஆன்டிபாடி அளவை ஒப்பிட்டு. அது நேரடியாகப் புற்றுநோயைக் குறைத்தது என்று காட்ட இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், 17 வயதுக்குள் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே போட்டதும் நான்கு வகை ஊசிதான். அந்தத் தைரியத்தில் போட்டோம். எதைப் போட்டாலும் எல்லா வகை வைரஸும் அடங்கிவிடாது என்பதால், 30 வயதானதும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும்.