பேக்கப் ஏன் மஞ்சளாகிறது? கெஸ்டுக்குள் நுழையும் வழிகள், ஓர் ஒப்பீடு

சிவப்பில், அதாவது தோற்றுப்போய், வந்த பேக்கப்பை எல்லோரும் உடனே கவனிக்கிறார்கள். மஞ்சளில், அதாவது எச்சரிக்கையோடு முடிந்து, வந்ததை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். அது மாதக்கணக்கில் மஞ்சளாகவே ஓடிக்கொண்டிருக்கும். வீம் என்ற பேக்கப் மென்பொருளில் அந்த மஞ்சளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு புகார்கள் இருக்கும். கெஸ்டுடன், அதாவது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளத்துடன், இணைய முடியவில்லை என்பது ஒன்று, கெஸ்டின் கோப்புகளை இன்டெக்ஸ் செய்ய முடியவில்லை என்பது மற்றொன்று. வேர் ஒன்றுதான். மெய்நிகர் கணினியின் வட்டை ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்) வழியாக வெளியிலிருந்து நகலெடுக்க, உள்ளே இருக்கும் விண்டோஸின் கடவுச்சொல் தேவையில்லை. ஆனால் தரவுத்தளத்தைச் சில விநாடிகள் நிறுத்திவைக்கவும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பட்டியல் எடுக்கவும் உள்ளே போயாக வேண்டும். அந்த நுழைவில்தான் தகராறு.

நுழைய மூன்று வழிகள் உண்டு: நெட்வொர்க், ஹைப்பர்வைசர், உள்ளேயே தங்கியிருக்கும் ஏஜென்ட் என்ற நிரல். எல்லா சர்வர்களுக்கும் ஒரே வழியைத் திணிப்பதே பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

நெட்வொர்க் வழி

வீம் வழக்கமாக முதலில் முயல்வது இதைத்தான். விண்டோஸ் கெஸ்டின் அட்மின் டாலர் பகிர்வில் (நிர்வாகிகளுக்கு மட்டும் நெட்வொர்க்கில் திறக்கும் மறைவான கோப்புறை) ஒரு சிறு நிரலை இறக்கி, ஆர்.பி.சி. (தொலைவிலிருந்து நிரலை இயக்கும் முறை) மூலம் ஓடவிட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடும். லினக்ஸ் என்றால் எஸ்.எஸ்.ஹெச். என்ற தொலை இணைப்பு, போர்ட் 22. ஹைப்பர்வைசர் வழியைவிட வேகமானது இது. எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தின் பரிவர்த்தனை லாக்குகளைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய இடத்தில் இந்த வேகம் தேவைப்படும்.

இதில் இன்னொரு வசதி, பிழைச்செய்தி ஓரளவு உண்மையைச் சொல்லும். நீளமான செய்தியின் கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 53 என்றால் கெஸ்டை எட்டவே முடியவில்லை: 445 போர்ட் மூடியிருக்கும், அல்லது சர்வரின் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரி கிடைத்திருக்காது. 1326 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டு பேக்கப் சர்வரில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். 1722 வந்தால் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள்: 135 திறந்திருக்கும், ஆனால் அதற்கடுத்து ஆர்.பி.சி. ஒதுக்கும் 49152 முதல் 65535 வரையிலான போர்ட்டுகள் அடைபட்டிருக்கும்.

ஆளை அலைக்கழிப்பது 5. அனுமதி மறுப்பு. கடவுச்சொல் சரியாக இருக்கிறது, கணக்கு நிர்வாகிகள் குழுவில் இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போகவும் முடிகிறது, பேக்கப்புக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. காரணம் யு.ஏ.சி. என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஏற்பாடு. உள்ளூர்க் கணக்கு ஒன்று நெட்வொர்க் வழியாக வந்தால், அதன் நிர்வாக அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் விண்டோஸ் உள்ளே விடுகிறது. விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் டொமைன் கணக்குகளுக்கும் (அலுவலகம் முழுவதற்கும் மையமாக வைக்கப்படும் கணக்குகள்) வழக்கமான அமைப்பில் இந்தத் தடை இல்லை. ரெஜிஸ்ட்ரியில் 'லோக்கல் அக்கவுன்ட் டோக்கன் ஃபில்டர் பாலிசி' மதிப்பை 1 ஆக்கினால் தீரும் என்று எங்கு தேடினாலும் கிடைக்கும். தீரத்தான் செய்யும். கூடவே, அந்தக் கடவுச்சொல் களவு போனால் திருடனுக்கும் அதே வசதி கிடைக்கும். இதற்கென்று தனி டொமைன் கணக்கு உருவாக்குவதே முறை.

சோதித்துப் பார்ப்பதை உங்கள் மேசைக் கணினியிலிருந்து செய்யாதீர்கள். கெஸ்டோடு பேசும் பொறுப்பு பேக்கப் சர்வரின் சார்பில் வேலை செய்யும் ஏதோ ஒரு ப்ராக்ஸி சர்வரிடம் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த சர்வரில் அமர்ந்து, பேக்கப் பயன்படுத்தும் அதே கணக்கைக் கொடுத்து, கெஸ்டின் அட்மின் டாலர் திறக்கிறதா என்று பாருங்கள். இங்கே திறந்தும் பேக்கப் தடுமாறினால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஆன்ட்டிவைரஸ். வெளியிலிருந்து வந்து அட்மின் டாலரில் நிரலைப் போட்டு ஓட்டுவதைத்தானே ரான்சம்வேர் கும்பல்களும் செய்கின்றன? பாதுகாப்பு மென்பொருள் குறுக்கே வந்தால் அதைக் குறை சொல்ல முடியாது. விலக்குப் பட்டியலில் சேர்க்காதது நம் பக்கத்துக் குறை.

ஹைப்பர்வைசர் வழி

நெட்வொர்க் கிடைக்காவிட்டால் வீம் இதற்கு மாறும். விஎம்வேர் ஹைப்பர்வைசர் என்றால் கெஸ்டுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை நிரல் வழியாக. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி என்றால் ஹோஸ்டிலிருந்து (ஹைப்பர்வைசர் ஓடும் கணினி) கெஸ்டுக்குக் கட்டளை அனுப்பும் பவர்ஷெல் டைரக்ட் வழியாக. பின்னதற்கு ஹோஸ்ட் விண்டோஸ் சர்வர் 2016 ஆகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். கெஸ்டில் குறைந்தது விண்டோஸ் 10 அல்லது சர்வர் 2016 வேண்டும்.

இணையத்தைப் பார்த்தபடி தனி வலையில் நிற்கும் வெப் சர்வருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உள்வலையிலிருந்து அதற்கு ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம். குறை, வேகம். பெரிய லாக் கோப்புகளை இப்படி இழுத்தால் ஊர்ந்து ஊர்ந்து வரும். யு.ஏ.சி. தொல்லையும் இங்கே விடாது. டூல்ஸ் பழையதாக இருந்தாலோ நின்றுபோயிருந்தாலோ எதுவும் நடக்காது. அடிக்கடி கண்ணில் படாமல் போகும் ஒன்று: ப்ராக்ஸியிலிருந்து ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. (விஎம்வேரின் ஹைப்பர்வைசர்) ஹோஸ்டின் 443 போர்ட் எட்ட வேண்டும். ஹோஸ்டுகளை நிர்வகிக்கும் வி-சென்டர் எட்டினால் போதும் என்று நினைத்து, ஹோஸ்டின் பெயர் டி.என்.எஸ்.ஸில் இல்லாததைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இந்த மாற்று வழி கைகொடுப்பதாலேயே ஒரு சிக்கலும் உண்டு. முதல் வழி அடைபட்டிருப்பது யாருக்கும் தெரியாமல் வேலை பச்சையாகவே முடியும், நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். இரண்டும் தோற்கும் நாளில் பிழைச்செய்தி நீளமாக வரும். அதில் முதலில் சொல்லப்படும் நெட்வொர்க் பிழையிலிருந்து தொடங்குங்கள்.

உள்ளேயே தங்கும் ஏஜென்ட்

ஒவ்வொரு முறையும் நிரலை இறக்கி அழிப்பதற்குப் பதில், ஒரு முறை நிறுவி அங்கேயே விட்டுவிடுவது. கையால் நிறுவினால் அட்மின் டாலர் தேவையில்லை, ஆர்.பி.சி.யின் அந்த நீண்ட போர்ட் வரிசையும் தேவையில்லை; குறிப்பிட்ட சில போர்ட்டுகள் போதும். ஃபயர்வாலைக் கவனிக்கும் குழுவோடு மல்லுக்கு நிற்க வேண்டிய அலுவலகங்களில் இதுவே நிம்மதி. பதிலுக்கு, பேக்கப் மென்பொருளை மேம்படுத்தும்போதெல்லாம் எல்லாக் கெஸ்டுகளிலும் ஏஜென்டையும் மேம்படுத்த வேண்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மற்றொரு மெய்நிகர் கணினித் தளத்தில் இந்தச் சிக்கலின் முகமே வேறு. அங்கே க்யூ.ஈ.எம்.யு. கெஸ்ட் ஏஜென்ட் ஒரு மெய்நிகர் சீரியல் போர்ட் வழியாக ஹோஸ்டோடு பேசுகிறது. கடவுச்சொல்லும் இல்லை, போர்ட் எண்ணும் இல்லை, 53, 5 என்ற தலைவலியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அது வீமை விட எளிமையானது. ஆனால் கோப்பு முறைமையை உறையவைக்கும் கட்டளை உரிய நேரத்தில் முடியாவிட்டால், லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு பேக்கப் தொடர்ந்து நடக்கும். கிடைப்பது, மின்சாரம் திடீரென்று போன நிலையில் இருக்கும் வட்டின் நகல். லூப் சாதனமாக (ஒரு கோப்பையே வட்டாக) ஏற்றப்பட்ட பிரிவுகள் இருக்கும் லினக்ஸ் சர்வர்களில் இந்த உறைநிலை சிக்கிக்கொள்வதும் உண்டு. எஸ்.க்யூ.எல். லாக்குகளைச் சுருக்கித் தரும் வேலையையும் ப்ராக்ஸ்மாக்ஸ் செய்யாது. அதைத் தரவுத்தளத்தின் சொந்த பேக்கப்பிடம் விட வேண்டும்.

நுழைந்த பிறகும் தோற்பது

நுழைவு சரியாகி, பிறகும் 'கெஸ்டை உறையவைக்க முடியவில்லை' என்று வந்தால் வழியை மாற்றிப் பயனில்லை. அது வி.எஸ்.எஸ்., அதாவது நகலெடுக்கும்போது தரவை நிலைநிறுத்தும் விண்டோஸ் சேவையின் கோளாறு. கெஸ்டுக்குள் கட்டளைத் திரையில் வி.எஸ்.எஸ். அட்மின் கட்டளையிடம் ரைட்டர்களைப் (தரவை நிறுத்திவைக்கும், ஒவ்வொரு சேவைக்கும் உரிய கூறுகள்) பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் நிலையானது, பிழையில்லை என்று இருக்க வேண்டும். தோற்ற ரைட்டர் எந்தச் சேவைக்கு உரியதோ அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால், முழு சர்வரையும் மறுதொடக்கம் செய்யாமலே பெரும்பாலும் சரியாகிவிடும். மீண்டும் மீண்டும் தோற்றால் நேர வரம்பைப் பாருங்கள். வழக்கமான ரைட்டர் 60 விநாடி தாங்கும். எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வரின் ரைட்டர் 20 விநாடிதான். சேமிப்பகம் திணறும் நேரத்தில் ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நொடி நிலையின் பதிவு) அதற்குள் முடியாது. ஒரே கெஸ்டில் இரண்டு பேக்கப் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வதும் சாதாரணம்.

இன்டெக்ஸ் வேண்டுமா?

பெரும்பாலான சர்வர்களுக்கு வேண்டாம். இன்டெக்ஸ் இல்லாவிட்டால் தனிக் கோப்பை மீட்க முடியாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. பேக்கப்பை மவுன்ட் செய்து, கோப்புறைகளைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரும் மெய்நிகர் கணினிகளுக்கு இப்படித்தான் செய்கிறது: மீட்கும் நேரத்தில் ஒரு சிறு மெய்நிகர் கணினியை எழுப்பி வட்டைத் திறந்து காட்டுகிறது.

இன்டெக்ஸ் தருவது தேடல். கோப்பின் பெயர் தெரியும், எந்தக் கோப்புறை, எந்த நாள் என்று தெரியாது என்றால், வீமின் என்டர்பிரைஸ் மேனேஜரில் தேடி எடுக்கலாம். பலர் பகிரும் கோப்பு சர்வருக்கு இது கட்டாயம் தேவை. தரவுத்தள சர்வருக்கு எதற்கு? இன்டெக்ஸ் தோற்றாலும் வட்டின் பேக்கப் முழுமையாகவே இருக்கும். வெறும் மஞ்சளை வரவழைக்கும் வசதியை அங்கே அணைத்துவிடுங்கள்.

அணைக்க முடியாத இடத்தில் முதலில் காலியிடத்தைப் பாருங்கள், கெஸ்டின் சி டிரைவிலும் பேக்கப் சர்வரில் வி.பி.ஆர். கேட்டலாக் கோப்புறை இருக்கும் டிரைவிலும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் குவியும் தற்காலிகக் கோப்புறைகளை விலக்குப் பட்டியலில் சேருங்கள். லினக்ஸில் கோப்பு தேடும் எம்லொகேட், கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப், ஒன்றாகக் கட்டும் டார் மூன்றும் இருக்க வேண்டும். டெபியன் 12இல் எம்லொகேட் என்று கேட்டு நிறுவினால் உண்மையில் வந்து இறங்குவது பிலொகேட் என்ற வேறு நிரல். ஆகவே புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் இன்டெக்ஸ் தோற்றால் முதலில் அங்கே பாருங்கள்.

எதற்கு எது

எஸ்.க்யூ.எல்., எக்ஸ்சேஞ்ச், கோப்பு சர்வர் ஆகியவற்றுக்கு நெட்வொர்க் வழி அல்லது தங்கும் ஏஜென்ட். தனி வலையில் இருப்பவற்றுக்கு ஹைப்பர்வைசர் வழி. சேமிப்பகத்தை நேரடியாகக் காட்டும் ஆர்.டி.எம். வட்டை 'பிசிக்கல்' முறையில் இணைத்த கணினிகளில் அந்த வட்டை ஹைப்பர்வைசர் ஸ்னாப்ஷாட்டில் எடுக்க முடியாது; அங்கே கெஸ்டுக்குள் முழு பேக்கப் ஏஜென்டைத் தவிர வேறு போக்கில்லை.

டொமைன் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் தனி ரகம். அதில் உள்ளூர்க் கணக்குகள் கிடையாது. நுழையத் தரும் நிர்வாகக் கணக்கு டொமைனையே ஆளும் கணக்கு. அதன் கடவுச்சொல் பேக்கப் சர்வரில் கிடக்கும். அது களவு போகலாம் என்பது வெறும் பயமல்ல: பேக்கப் சர்வரின் தரவுத்தளத்தில் இருக்கும் மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களை வெளியாள் எடுக்க வழிவிடும் ஓட்டை ஒன்றை 2023 மார்ச்சில் வீம் அடைக்க வேண்டியிருந்தது. டொமைன் கன்ட்ரோலரில் நான் கெஸ்டுக்குள் தனித்து இயங்கும் ஏஜென்டைத்தான் நிறுவச் சொல்வேன். அது விண்டோஸின் சிஸ்டம் கணக்கில் ஓடும். பேக்கப் சர்வரிடம் டொமைன் கடவுச்சொல் எதையும் கொடுத்துவைக்க வேண்டியதில்லை.