ஐந்தடிப் பாத்தியும் ஒரு கிழங்கு மிஷினும்

2021 தை மாதம் பட்டறையிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது இந்தக் கிழங்கு தோண்டும் மிஷின் முழுக்கப் பளபளவென்று பச்சைப் பெயிண்ட். இப்போது பச்சை மிச்சமிருப்பது மேல் சட்டத்தில் மட்டும்தான். இதுவரை ஐந்து மஞ்சள் வெட்டு, நான்கு குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மூன்று கடலை, ஒரே ஒரு முறை சின்ன வெங்காயம் பார்த்துவிட்டது. "எல்லாக் கிழங்குக்கும் ஒரே மிஷின்" என்று சொல்லித்தான் செய்துகொடுத்தார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு நிஜம் என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

எங்களுக்கு ஈரோடு மாவட்டம். ஆறு ஏக்கரில் நாலு செம்மண், ரெண்டு கருப்பு மண். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் மாறி மாறி வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது முக்கால் ஏக்கர் மஞ்சள் வெட்டாமல் நின்றது. வழக்கமாக வரும் வெளியூர் ஆட்கள் வர வழியில்லை. நானும் தம்பியும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து மண்வெட்டியோடு இறங்கி இருபது நாள் வெட்டினோம். இருபத்தொன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது எடுத்த முடிவுதான் இந்த மிஷின்.

மிஷின் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிராக்டருக்குப் பின்னால் கருவிகளை மாட்டித் தூக்கும் மூணு பாயிண்ட்டில் மாட்டும் ஒரு சட்டம். அதன் முன்பக்கம் மண்ணுக்குள் சாய்வாக இறங்கும் கத்தி. கத்திக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளைக் கோர்த்த சங்கிலிப் படுக்கை. டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொடுக்கும் தண்டான பி.டி.ஓ.வில் ஓடும் இந்தச் சங்கிலி கத்தி பெயர்த்த மண்ணையும் கிழங்கையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும். மண் கம்பி இடுக்கில் உதிர, கிழங்கு பின்னால் தரையில் விழும். கத்தியைக் கழற்றி மாற்றலாம். சங்கிலிப் படுக்கையையும் நாலு பின்னைத் தட்டினால் முழுசாகக் கழற்றிவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தை வாங்கும்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. இன்றைக்கு மிஷினிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

முதல் வருஷம் முழுத் தோல்வி. காரணம் மிஷின் இல்லை, என் வயல். பரம்பரையாக நாங்கள் மஞ்சளுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு பார், அதாவது மண் அணைத்த நீள மேடு, பிடிப்போம். டிராக்டரின் பின் டயர் இரண்டுக்கும் நடுமையத்திலிருந்து நடுமையம் வரை ஐந்து அடி. ஒன்றரை அடிப் பாரில் அதை இறக்கினால் டயர் எப்படி ஓட்டினாலும் ஏதாவது ஒரு பாரின் மேல்தான் ஏறும். வெட்டாத பாரில் டயர் ஏறி மண்ணை அமுக்கிவிட்டால், அடுத்த சுற்றில் கத்தி அந்த இடத்தில் கட்டிகட்டியாகத்தான் பெயர்க்கிறது. கட்டிக்குள் மஞ்சள். அதை உடைத்து எடுக்க மறுபடி ஆள். அன்றைக்குக் கூலிக்கு வந்திருந்த அக்கா ஒருவர், "மிஷினு வெட்டுனதுக்கு நாங்களே வெட்டியிருப்பமுங்க தம்பி" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த நடவிலிருந்து எல்லாவற்றையும் ஐந்து அடிக்கு மாற்றினேன். வாய்க்கால் நடுவிலிருந்து அடுத்த வாய்க்கால் நடு வரை ஐந்தடி. மேல்தளம் மூன்றரை அடி அகலத்துக்கு மேட்டுப்பாத்தி. அதில் ஒன்றேகால் அடி இடைவெளியில் மூன்று வரிசை மஞ்சள், நடுவில் சொட்டுநீர்க் குழாய். டயர் இரண்டும் வாய்க்காலில் ஓடும். நாலடி அகலக் கத்தி பாத்தியை அடியோடு அள்ளிக்கொண்டு வரும். எட்டு ஒன்பது அங்குல ஆழம் போதும். இரண்டாம் வருஷம் செம்மண் வயலில் இறக்கியபோது ஒரு ஏக்கர் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. டீசல் பதினோரு லிட்டர் பிடித்தது. அதே அக்கா இந்த முறை வேறு குறை சொன்னார்: "தோண்டிப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிருது, குனியறது நாங்கதானுங்க." அது நூற்றுக்கு நூறு சரி. மிஷின் வெட்டும் வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது. பொறுக்குவது, மண் தட்டுவது, விரல் மாதிரி கிளைத்த விரலியையும் தாய்க்கிழங்கையும் பிரிப்பது எல்லாம் கைவேலைதான். முன்பு நாற்பது ஆளுக்கு மேல் பிடித்த ஏக்கருக்கு இப்போது பதினெட்டு இருபது ஆள். ஆளே வேண்டாம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

ஐந்தடிக் கணக்கு குச்சிக்கிழங்குக்கும் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நாங்கள் நடுவது மூணுக்கு மூணு அடி, அதாவது செடிக்கு ஒன்பது சதுர அடி. ஏக்கருக்கு 4,840 செடி. ஐந்தடிப் பாத்தியின் நடுவில் ஒரே வரிசை, செடிக்குச் செடி இரண்டடி என்று நட்டால் செடிக்குப் பத்துச் சதுர அடி, ஏக்கருக்கு 4,356. ஐந்நூறு செடிக்குள் குறைகிறது. அதற்குப் பதில் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் முதல் இரண்டு மூன்று மாதம் வெங்காயமோ உளுந்தோ எடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன், நஷ்டம் தெரியவில்லை. அறுவடையின்போது டயருக்கும் கிழங்குக்கும் நடுவே தாராளமாக இடம் கிடைக்கிறது.

ஆனால் குச்சிக்கிழங்குக்கு மஞ்சள் கத்தி ஆகாது. கிழங்கு ஒரு அடி ஆழம் வரை போகும், பக்கவாட்டிலும் ஓடும். நாலடிக் கத்தியை ஒரு அடி ஆழத்துக்கு இறக்கினால் 50 குதிரைத்திறன் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே டயரைச் சுற்றுகிறது. அதனால் இரண்டே முக்கால் அடியில் முனை கூராக, வி மாதிரி ஒரு கத்தி தனியாகச் செய்துகொண்டோம். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில்தான். இதற்குச் சங்கிலிப் படுக்கையே கூடாது. கொத்தாக இருக்கும் கிழங்கைச் சங்கிலி இழுத்து உலுக்கினால் கழுத்தில் ஒடிகிறது. ஒடிந்த கிழங்கு இரண்டே நாளில் உள்ளுக்குள் கருநீலக் கோடு விழுந்துவிடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுப் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை, லாரி ஒருநாள் தாமதமானாலே வயிறு கலங்கும். ஆகவே சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கத்தியை மட்டும் அடியில் ஓட்டுவது. மண் பொலபொலவென்று தூக்கி உட்கார்ந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டிய குச்சியைப் பிடித்து ஆட்கள் தூக்கினால் கொத்து முழுசாக வருகிறது. கடப்பாரை போட்டு நெம்பிய காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். முதல் வருஷக் குச்சிக்கிழங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தச் சமயம் சேலம், நாமக்கல், எங்கள் பக்கம் எல்லாம் மாவுப்பூச்சி வந்து செடி நுனி சுருண்டு கிடந்தது. தோண்டிப் பார்க்க அடியில் பெரிதாக எதுவும் இல்லை.

இனி மிஷினுக்குள்ளே நான் பட்ட பாடு.

சங்கிலிக் கம்பிகளுக்கு நடுவே முதலில் ஒன்றரை அங்குல இடைவெளி வைத்திருந்தார்கள். கொத்தாக இருக்கும்வரை பரவாயில்லை, உதிர்ந்த விரலி எல்லாம் இடுக்கில் விழுந்து மறுபடி மண்ணுக்குள் போனது. மறு உழவு ஓட்டியபோது கிடைத்ததைக் கூடையில் அள்ளினோம். இடைவெளியைக் குறைத்தால் கருப்பு மண் வயலில் கட்டி கீழே விழாது, சங்கிலி மண் சுமக்கும் வண்டியாகிவிடும். நடுவழிக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய சொட்டுநீர்க் குழாயை நீளவாக்கில் கீறிக் கம்பிகளில் போர்த்திக் கட்டினேன். இடைவெளியும் குறையும், மஞ்சள் தோலும் அடிபடாது என்று நினைப்பு. ஒரு ஏக்கர் முடிவதற்குள் குழாய் எல்லாம் வயலில் கிடந்தது. அப்புறம் மோட்டாருக்குப் போடும் தடித்த ரப்பர் ஓஸை வாங்கி, கம்பியின் ஒரு முனை ரிவிட்டைத் தட்டி எடுத்து உள்ளே நுழைத்தோம். இரண்டு சீசன் தாங்குகிறது. கருப்பு மண்ணில் இது ஓரளவுக்குத்தான் உதவும். அங்கே ஈரம்தான் முடிவு செய்கிறது. தண்ணீர் விட்டு நாலைந்து நாள் கழித்து, ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் ஒருநாள் தப்பினாலும் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கத்தியை மட்டும் ஓட்டுவதே மேல்.

ஆழம் இன்னொரு தலைவலி. டிரைவர் உழவுப் பழக்கத்தில் டிராஃப்ட் லீவரைப் போட்டுவிடுவார். இறுகிய மண் வரும் இடத்தில் இழுவை கூடியதும் ஹைட்ராலிக் தானாகக் கத்தியை மேலே தூக்கும். கலப்பைக்கு அது நல்லது. இங்கே கத்தி மேலே வந்தால் மஞ்சளை நடுவில் அறுத்துக்கொண்டே போகிறது, மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதும் இல்லை. இழுவையைப் பார்த்துத் தூக்காத பொசிஷன் லீவரில் வைத்து, ஆழத்தை மிஷினின் இரண்டு பக்கமும் உள்ள சிறு சக்கரங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டபிறகு வெட்டுப்படுவது பெருமளவு குறைந்தது. முதலில் மிஷினில் அந்தச் சக்கரங்களே இல்லை. நான் சண்டை போட்டு வைக்கச் சொன்னேன்.

சங்கிலியை ஓட்டும் தண்டில் ஒரு மெல்லிய போல்ட் உண்டு. கல்லோ வேரோ மாட்டினால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றும். 2023-இல் ஒரே காலையில் மூன்று போல்ட் அறுந்தது. எரிச்சலில் டிரைவர் டூல் பெட்டியில் கிடந்த கெட்டி போல்ட்டைப் போட்டுவிட்டார். அப்புறம் போல்ட் அறுந்துபோகவில்லை, கியர் பாக்ஸ் பல் தெறித்தது. மாசி மாதம், வெட்டு உச்சத்தில், பதினோரு நாள் மிஷின் லேத்தில் கிடந்தது. தவறு அவருடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன், மெல்லிய போல்ட் பத்தை வண்டியில் போட்டுவைக்காதது நான்தான். மூன்று போல்ட் ஏன் அறுந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. சுருட்டி எடுக்காமல் விட்ட ஒரு துண்டு சொட்டுநீர்க் குழாய் உருளையில் கயிறாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் தழை அறுத்து முடித்ததும் குழாயைச் சுருட்டி, சுருள் எண்ணிப் பார்த்த பிறகுதான் வண்டி வயலில் இறங்கும்.

கடலைக்கு நாலடிக் கத்தியையே நாலைந்து அங்குலத்தில் மேலாக ஓட்டலாம். செம்மண்ணில் அழகாக உதிர்ந்து, செடி பின்னால் வரிசையாக விழுகிறது. ஆனால் கொடி கத்தியின் பக்கத் தூண்களில் சுற்றிக்கொண்டு அரைமணிக்கு ஒரு முறை நிறுத்த வைத்தது. தூண்களுக்கு முன்னால் இரண்டு வட்டத் தகடு வைத்தபிறகு ஓடுகிறது. காய் முற்றி நாள் கடந்துவிட்டால் காம்பு விட்டுக் காய் மண்ணிலேயே தங்கும், அதற்கு எந்த மிஷினும் பொறுப்பில்லை.

சின்ன வெங்காயம் வேண்டவே வேண்டாம். தோண்டும்போது பார்க்க அருமையாக இருந்தது. பட்டறை போட்டு, அதாவது விற்கும்வரை குவித்துச் சேமித்து வைத்த வெங்காயம் மூன்றாம் வாரமே அடியில் ஈரம் கசிந்தது. சங்கிலியில் உருண்டு தோலில் பட்ட அடி அப்போதுதான் வெளியே தெரிந்தது. உடனே விற்பதென்றால் பரவாயில்லை. வைத்து விற்பவர்கள் கையால் பிடுங்குவதே லாபம்.

கத்தித் தேய்மானம் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். எங்கள் செம்மண்ணில் சரளை கலந்திருக்கும், முதல் கத்தி ஏழு ஏக்கரில் விளிம்பு மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தி மண்ணுக்குள் இறங்காமல் மிதக்கும், டீசலும் கூடும். விளிம்பில் தேய்மானம் தாங்கும் ஹார்டு ஃபேசிங் ராடு பற்றவைத்தபிறகு ஒரு சீசன் முழுக்க ஓடுகிறது. வருஷச் செலவு என்று பார்த்தால் கத்தி, சங்கிலி இணைப்பு, பேரிங், ஓஸ் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டதில்லை, கியர் பாக்ஸ் போன வருஷத்தைத் தவிர.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிஷினைத் தூக்கித் திரும்ப வரப்போரம் இருபதடியாவது வேண்டும். சுற்றிலும் தென்னை வைத்த சின்ன வயலில் வண்டி திரும்பும் இரண்டு தலைமாட்டையும் கையால் வெட்டிவிட்டுத்தான் இறக்க முடியும். முன்பக்கம் எடைக்கட்டி இல்லாமல் தூக்கினால் ஸ்டியரிங் பிடிப்பே இருக்காது. மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறை அங்கீகரித்த மாடல்தான் செல்லும். என்னுடையது சொல்லிச் செய்த மிஷின் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அளவைச் சொல்லிச் செய்துகொள்ளும் வசதி எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து, "மாசியில உன்ற மிஷின எனக்கும் ரெண்டு ஏக்கர் ஓட்டிக்குடு மாப்ளே" என்றார். அவருடைய மஞ்சள் ஒன்றரை அடிப் பாரில் நிற்கிறது. இந்த வருஷம் முடியாது மாமா என்று சொல்லிவிட்டு, வைகாசியில் நடவுக்கு முன்னால் கூப்பிடுங்கள், என் வண்டியிலேயே ஐந்தடிக்குப் பாத்தி போட்டுத் தருகிறேன் என்றேன். முகம் சுளித்துக்கொண்டுதான் போனார். நேற்று போன் செய்து, மூணு வரிசையா நாலு வரிசையா என்று கேட்டார்.