போகிப் புகையும் இரவு எதுக்களிப்பும்: குடியாத்தத்தில் மூன்று வாரம்

எங்கள் எட்டு வயது மகனுக்கு ஆஸ்துமாவோடு, இரைப்பை அமிலம் மேலேறி வரும் எதுக்களிப்பும் உண்டு என்பதால், ஜனவரியில் டொரண்டோவிலிருந்து குடியாத்தத்திலுள்ள அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதே இன்ஹேலர்களையும் அவற்றோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரையும் கைப்பையில் எடுத்துக்கொண்டோம். போகியன்று விடியற்காலையில் தெருவெங்கும் பழைய பாயும் டயரும் எரிந்த புகையில் அவனுக்கு இளைப்பு கண்டது. அன்று முதல் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஐதராபாத்தில் ஜூன் மாதம் விரால் மீன் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து உயிரோடு விழுங்கக் கொடுப்பதைப் பற்றிக்கூட ஒரு பெரியவர் விரிவாகச் சொன்னார்.

கடை ஒன்றில் வாங்கி வந்த சூரணப் பொட்டலத்தில் மருந்தின் பெயரோ, சேர்ந்த சரக்குகளின் விவரமோ, உரிம எண்ணோ இல்லை. இன்ஹேலரை நிறுத்திவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டறியப்பட்டிருக்கிறது. அதை நான் பிரிக்கவே இல்லை.

அரசு மருத்துவமனை ஒன்றின் சித்தா பிரிவில் நடந்தது வேறு. பட்டம் பெற்ற அந்த மருத்துவர் முதலில் கேட்டது, பையன் இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான், சாப்பிட்டதும் படுக்கிறானா என்பதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கார சட்னியோடு தோசை சாப்பிட்ட பிறகு, ஒன்பது மணிக்கு அம்மா எவர்சில்வர் டம்ளரில் மிளகு, சுக்குக் கஷாயம் கொடுப்பார், அடியில் தங்கிய கறுப்பு வண்டல்வரை குடித்துவிட்டு அவன் உடனே படுத்துவிடுவான். சளிக்கு ஆகும் அந்தக் கஷாயம் எதுக்களிப்பு உள்ள பிள்ளைக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டலாம் என்று மருத்துவர் அம்மாவிடமே பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஆடாதோடை மணப்பாகு என்ற மூலிகைப் பாகை எழுதிக் கொடுத்தார். ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் சளி மருந்தான புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. இன்ஹேலரை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு பேருந்தில் வேலூருக்குப் போய்க் குழந்தை மருத்துவர் ஒருவரையும் பார்த்தோம். இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயை உறுத்தும்போது நரம்பு வழியாகவும், துளித்துளியாக மூச்சுக்குழாயில் இறங்குவதாலும் இளைப்பு வரக்கூடும் என்று விளக்கினார். அதற்காக ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பது சரியில்லை என்றார். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எதுக்களிப்பு அறிகுறி இல்லாத 306 ஆஸ்துமா குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு 24 வாரம் அப்படிப்பட்ட மருந்தான லான்சோபிரசோலும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். லான்சோபிரசோலால் ஆஸ்துமா குறையவில்லை, சளித் தொற்றுகள்தான் கூடின. எங்கள் மகனுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதால், முதலில் உணவு நேரத்தை மாற்றிப் பார்த்த பிறகு மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

அம்மா மறுநாளே கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, ஆறரை மணிக்கு இட்லி கொடுக்க ஆரம்பித்தார். கடைசி வாரத்தில் இரவு இருமல் நன்றாகவே குறைந்தது. புகையும் அதற்குள் அடங்கிவிட்டதால், எதனால் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. மணப்பாகு புட்டியின் லேபிளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். டொரண்டோ மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே அதைத் தொடர்வோம்.