தெசுகாவின் ‘புத்தர்’: எட்டுத் தொகுதிகளையும் வாங்கலாமா?

‘மாங்கா’ எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் கடவுள் என்று ஜப்பானியர் போற்றும் ஒசாமு தெசுகாவின் ‘புத்தர்’ சித்திரக்கதையை, ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதிகளாக ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியாவில் வெளியிட்டுள்ளது. ஏறக்குறைய 3,000 பக்கம் என்பதால் மொத்தமாக வாங்கினால் கையைக் கடிக்கும். தயங்குவோருக்காகவே இந்த மதிப்புரை.

1928இல் பிறந்த தெசுகா, ஒசாகாவில் மருத்துவம் படித்துக்கொண்டே வரையத் தொடங்கியவர். 1952இல் இதழில் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ சித்திரக்கதை, 1963 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் ஓடி, அவர் பெயரை ஜப்பான் முழுவதும் கொண்டுசேர்த்தது. ஆனால் 1972இல் ‘புத்தர்’ தொடங்கியபோது அவருக்கு இறங்குமுகம். பெரியவர்களுக்கான, இருண்ட பாணியிலான ‘கெகிகா’ சித்திரக்கதைகளின் பக்கம் வாசகர்கள் சாய்ந்திருந்தார்கள். தெசுகாவின் உருண்டை முகங்கள் பழங்கதையாகியிருந்தன. அசைபடங்கள் தயாரிக்க அவர் தொடங்கிய முஷி புரொடக்‌ஷன் நிறுவனமும் 1973இல் நொடித்துப்போனது. அதே ஆண்டில் வெளிவந்த ‘பிளாக் ஜாக்’ சித்திரக்கதைதான் அவருடைய செல்வாக்கை மீட்டது என்பார்கள். ஆனால், தம்மைப் பின்னுக்குத் தள்ளிய பாணியின் இருளைத் தமது பழைய கோடுகளுக்குள்ளேயே அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்பதை, 1983 வரை நீண்ட ‘புத்தர்’தான் நன்றாகக் காட்டுகிறது.

முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே அதற்குச் சான்று உண்டு. பனியில் விழுந்துகிடக்கும் முதியவருக்குக் கரடி மீனையும் நரி பழத்தையும் கொண்டுவர, எதுவும் கிடைக்காத முயல் தீ மூட்டச் சொல்லித் தானே அதில் பாய்கிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் நம் நாட்டு ஜாதகக் கதைதான். ஆனால் பேச்சுக்குமிழிகளைக் குறைத்து, பொம்மை போன்ற அந்த முயலை விரிந்த பனிவெளியில் தனியே ஓடவிடும்போது, தெரிந்த கதையும் நெஞ்சை அடைக்கிறது.

அதன்பின் சித்தார்த்தனைத் தேடினால் எளிதில் கிடைக்கமாட்டான். அடிமையாகப் பிறந்து, கோசல நாட்டுத் தளபதியின் வளர்ப்பு மகனாக உயரும் சாப்ராதான் இத்தொகுதியின் நாயகன். தெசுகாவின் கற்பனையான அவன், பிறப்பு அம்பலமாகும் நாளில் தாயா தகுதியா என்று முடிவெடுக்க வேண்டிய இடம், எட்டுத் தொகுதிகளிலும் உச்சம். வருணப் பிரிவினையை அவர் மிக எளிமைப்படுத்தியிருக்கிறார் என்று நாம் குறைசொல்லலாம். அதன் கொடுமையை மழுப்பினார் என்று சொல்ல முடியாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. உருக்கமான கட்டத்தின் நடுவே திடீரென எட்டிப்பார்க்கும் நவீன காலத்து நகைச்சுவை சிலருக்கு எரிச்சலூட்டும். ஞானம் பெற்ற பிறகு புத்தரைவிட அவரைச் சுற்றியுள்ளவர்களே உயிரோட்டமாக இருக்கிறார்கள். ஐந்தாம் தொகுதியில் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. தந்தை பிம்பிசாரனைச் சிறைவைக்கும் அஜாதசத்துருவின் கதை வரும் ஏழாம் தொகுதியில் மறுபடி வேகம் பிடிக்கிறது. பாட நூலாகக் கருதி இதை வாங்க வேண்டாம். வரலாற்றையும் கற்பனையையும் தெசுகா தயங்காமல் கலக்கிறார்.

பக்கங்கள் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் புரட்டும்படி திருப்பி அச்சிடப்பட்டுள்ளன. மூல அமைப்பை விரும்பும் மாங்கா ரசிகர்கள் முகம் சுளிக்கலாம். புதியவர்களுக்கு இதுவே வசதி. இந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் சித்திரக்கதைகளுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் விருதைப் பெற்றது. வன்முறையும் ஆடையற்ற உருவங்களும் நிறைய வருவதால், அட்டையைப் பார்த்துச் சிறு பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். முதலில் முதல் தொகுதியை மட்டும் வாங்குங்கள். சாப்ராவின் கதை பிடிக்கவில்லை என்றால் மற்ற ஏழும் உங்களுக்குத் தேவைப்படாது.